கிணற்றிலிருந்து வந்த வெங்கர் கத்தியும் எங்கள் பயமும்



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் இஷாவுக்குப் பிறகு வாசித்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுவதும் வாசியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் இருக்கிற பொதுக்கிணற்றைப் போன வாரம் இறைத்தார்கள். குழாய்த் தண்ணீர் வந்த பிறகு யாரும் அள்ளாமல் விட்ட கிணறு. இந்த வெயிலுக்குக் குழாயிலும் பாதி நேரம் காற்றுத்தான் வருகிறது. அதனால் இளைஞர்கள் ஒன்றுசேர்ந்து மோட்டர் வைத்து இறைத்து, அடிச் சேற்றை அள்ளினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அல்லாஹ் நற்கூலி கொடுக்கட்டும். சேற்றோடு வந்தவை: ஓட்டை வாளி மூன்று, ஒரு சைக்கிள் மணி, கணக்கில்லாத தேங்காய் மட்டை. அவற்றோடு, ஷொப்பிங் பையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, உள்ளே கல் வைத்துக் கட்டிய நான்கு பொதிகள்.

பொதிகளை அவிழ்க்கும்போது நின்ற பெரியவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. உள்ளே என்ன இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எப்போது போட்டது என்றும் தெரியும். 2019 ஏப்ரல் கடைசி, மே ஆரம்பம். இளைஞர்களுக்கு மட்டும்தான் அது புதினம்.

ஒரு பொதியில் இறைச்சிக் கத்தி இரண்டு, பிடி உக்கிப் போய். இன்னொன்றில் கொல்லன் அடித்த வெட்டுக்கத்தி. மூன்றாவதில் ஒரு பாக்குவெட்டி. ஆம், பாக்குவெட்டி. வெற்றிலை போடுகிற ஒரு மூத்தம்மாவின் பாக்குவெட்டியைக் கல் கட்டிக் கிணற்றில் போட்டிருக்கிறோம். நான்காவதில் சிவப்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி. எங்கள் பக்கத்தில் வில்லுக்கத்தி என்போம்.

அதைப் பார்த்ததும் மூன்று பேர் மூன்று கதை சொன்னார்கள். ஓ.எல். எழுதப் போகிற ஒரு தம்பி கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "சேர், இது டூப்ளிகேட். ஒறிஜினல் என்டா விக்டோரினொக்ஸ் என்டு இருக்கும். இது சைனா சாமான்" என்றார். "பழைய இரும்புக்காரன் வந்தா குடுங்க, பத்து இருபது தருவான்" என்றார் இன்னொருவர். வயதில் மூத்த ஒருவர், நாங்கள் மிகவும் மதிக்கிறவர், குரலைத் தாழ்த்தி, "ஆராவது படம் எடுக்க முதல் திரும்பப் போட்டு மூடுங்க மனே" என்றார்.

அந்தக் கத்தியின் சொந்தக்காரர் அங்கேதான் நின்றார். சவூதியில் பதினான்கு வருடம் லொறி ஓட்டிய ஹாஜியார். ஒரு சொல் பேசவில்லை. பேத்தி முறையான ஒரு சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று அந்த மூன்று பேருக்கும் கிணற்றடியில் நாங்கள் சரியாகப் பதில் சொல்லவில்லை. இந்தப் பதிவு அதற்குத்தான்.

முதலில் தம்பிக்கு. அவர் டியூஷனுக்குப் போகிற வழியில் நின்றவர். முதுகில் கறுப்புப் புத்தகப் பை. பையின் நெற்றியில், மூலைகள் வளைந்த ஒரு சதுரமும் அதற்குள் சுவிஸ் கொடியில் உள்ள வெள்ளைச் சிலுவையும். கத்தியின் பிடியைச் சாரத்தில் துடைத்து அவர் கண்ணுக்கு நேரே பிடித்தோம். அதே சதுரம். அதே சிலுவை. எந்தக் கம்பனியின் பெயரை முதுகில் சுமந்து திரிகிறாரோ அந்தக் கம்பனியின் கத்தியைத்தான் அவர் "சைனா சாமான்" என்றார். (பை ஒறிஜினலா என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் ஊர்க் கடைகளில் அந்தச் சின்னம் போட்டுத் தொங்குகிற பைகளின் விலையைப் பார்த்தால் கேட்க வேண்டிய தேவையும் இல்லை.)

அந்தக் கம்பனியின் பெயர் வெங்கர். சுவிஸ் இராணுவக் கத்தியைச் செய்தது ஒரு கம்பனி அல்ல, இரண்டு. நம்மில் பலருக்கு இது தெரியாது. விக்டோரினொக்ஸ் என்பது ஷ்விட்ஸ் மாநிலத்தில் இபாக் என்ற ஊரில் இருப்பது. கார்ல் எல்ஸ்னர் என்பவர் 1891 இல் சுவிஸ் இராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். அதற்கு முந்திய முதல் தொகுதியை ஜெர்மனியின் சோலிங்கனில் செய்வித்தார்கள். தங்கள் சிப்பாயின் கத்தியைத் தங்கள் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்பது எல்ஸ்னரின் பிடிவாதம். அவருடைய தாயாரின் பெயர் விக்டோரியா. துருப்பிடிக்காத உருக்குக்கு இனொக்ஸ் என்று ஒரு பெயர். இரண்டையும் சேர்த்து 1921 இல் விக்டோரினொக்ஸ் ஆனது. உம்மாவின் பெயரைக் கத்தியில் வெட்டி வைத்த மகன் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் ஒருபோதும் மறப்பதில்லை.

வெங்கர் நாட்டின் மற்றப் பக்கத்தில், ஜூரா மலைப் பகுதியில் டெலமோன் என்ற ஊர். 1893 இலிருந்து அந்தப் பக்கத்தாரும் இராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார்கள். ஷ்விட்ஸ் ஜெர்மன் மொழி பேசுகிற இடம். ஜூரா பிரெஞ்சு பேசுகிற இடம். ஒரு பக்கத்துக்கு மட்டும் வேலை கொடுத்தால் மற்றப் பக்கம் சும்மா இருக்குமா? 1908 இல் அரசாங்கம் ஓடரைப் பாதி பாதியாகப் பிரித்தது. இரண்டு மொழிக்காரருக்கும் சமமாக ஒரு கத்தியைப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்த நாடு. இதற்கு மேல் நாங்கள் எதுவும் எழுதப் போவதில்லை, நாங்கள் அரசாங்க உத்தியோகத்தர்.

பிறகு இரண்டு கம்பனிகளும் தங்களுக்குள் ஒரு சொல்லையும் பங்கிட்டுக்கொண்டன. விக்டோரினொக்ஸ் தன்னை "ஒறிஜினல்" சுவிஸ் இராணுவக் கத்தி என்று சொல்லும். வெங்கர் தன்னை "ஜெனுயின்" சுவிஸ் இராணுவக் கத்தி என்று சொல்லும். ஆகவே தம்பி சொன்னது ஒரு வகையில் சரி. அது ஒறிஜினல் இல்லை. அது ஜெனுயின்!

சரி, கையில் ஒரு சிவப்புக் கத்தி கிடைத்தால் எப்படி இனம் காண்பது? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்துக்கு வாருங்கள்.

பிடியில் உள்ள சின்னத்தைப் பாருங்கள். சிலுவையைச் சுற்றிக் கேடயம் மாதிரி கீழே குறுகிய வடிவம் இருந்தால் விக்டோரினொக்ஸ். மூலை வளைந்த சதுரம் இருந்தால் வெங்கர். சின்னம் தேய்ந்து போயிருந்தால் பெரிய அலகைத் திறந்து, அலகு பிடியோடு சேருகிற அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கே எழுத்து வெட்டியிருக்கும். வெங்கர் என்றும் சுவிட்சர்லாந்து என்றும் துருப்பிடிக்காதது என்றும். சிலவற்றில் டெலமோன் என்ற ஊர்ப் பெயரும் இருக்கும். இன்னும் பழையவற்றில் "வெங்கரினொக்ஸ்" என்று ஒரே சொல்லாக இருக்கும். அப்படி ஒன்று யாருடைய அலுமாரிக்குள்ளாவது கிடந்தால் தயவுசெய்து எங்களுக்குக் காட்டுங்கள். வாங்குவதற்கு இல்லை. பார்ப்பதற்கு.

ஸ்கேலை வைத்து அளந்தும் பார்க்கலாம். மூடிய நிலையில் வெங்கரின் வழமையான கத்தி 85 மில்லிமீற்றர். விக்டோரினொக்ஸ் 91 அல்லது 84. ஒரு மில்லிமீற்றர் வித்தியாசத்தை நம்பி முடிவு சொல்ல முடியாது என்பதால் அளவை மட்டும் வைத்துச் சண்டை பிடிக்க வேண்டாம்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது கத்தரிக்கோல்தான். விக்டோரினொக்ஸின் கத்தரிக்கோலில் தலைமயிர் மாதிரி ஒரு சின்னக் கம்பிதான் அதைத் திரும்பத் திறக்க வைப்பது. அந்தக் கம்பி ஒரு நாள் முறியும். புதிதாக மாற்றலாம், ஆனால் மாற்றுக் கம்பிக்கு நம் ஊரில் எங்கே போவது? வெங்கரில் அந்தக் கம்பியே இல்லை. கத்தரிக்கோலின் ஒரு கை நெம்புகோல் மாதிரி கத்தியின் உள் வில்லிலேயே அழுந்தி, விட்டதும் எழும்பும். அலகில் நுண்ணிய பற்களும் உண்டு. நைலோன் துணியோ மீன் நரம்போ வழுக்கி ஓடாது. நகம் வெட்டுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும்.

டின் மீன் திறக்கிற அலகும் வேறு. விக்டோரினொக்ஸில் முன்னோக்கி வெட்டிக்கொண்டு போக வேண்டும், அதன் நுனியில் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரும் இருக்கும். வெங்கரில் அது கொக்கி மாதிரி வளைந்திருக்கும், பின்னோக்கி இழுத்து வெட்ட வேண்டும். அடுத்தது, போத்தல் மூடி திறக்கிற அலகு. அதன் நுனி பெரிய ஸ்க்ரூ டிரைவர். வெங்கர் கத்திகள் பலவற்றில் அதை ஆணியில் வைத்து அழுத்தினால் உள்ளுக்குள் ஒரு பூட்டு விழும். வேலையின் நடுவில் மடங்கி விரலை நசுக்காது. இதைச் செய்தவன் விரல் நசுங்கிய ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

போலியைக் கண்டுபிடிப்பது இதைவிட இலேசு. அலகின் அடியில் பெயர் இருக்காது, அல்லது "ஸ்டெயின்லெஸ்" என்று மட்டும் இருக்கும். தட்டுகளுக்கு இடையில் வெளிச்சம் தெரியும். அலகை ஆட்டினால் ஆடும். சின்னம் ஒட்டியதாக இருக்கும், நகத்தால் சுரண்டினால் கையோடு வரும். நல்ல கத்தியை மூடும்போது கடைசியில் அலகு தானாக ஓடி "டக்" என்று விழும். அந்தச் சத்தத்துக்காகவே சின்ன வயதில் எங்கள் சாச்சாவின் கத்தியைத் திறந்து திறந்து மூடி ஏச்சு வாங்கியிருக்கிறோம்.

கிணற்றிலிருந்து வந்த கத்தியில் பெயர் தெளிவாக இருந்தது. தம்பி தன் விரலால் தடவி எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு ஹாஜியாரின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. நல்ல பிள்ளை. பிழை அவருடையது அல்ல. சந்தையில் ஒரு பெயரைத் தவிர மற்றதெல்லாம் டூப்ளிகேட் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள்தானே.

இரும்புக்காரனுக்குக் கொடுக்கச் சொன்னவருக்கு ஒரு விசயம்.  2013 இல் வெங்கர் பெயரில் கத்தி செய்வதை நிறுத்துகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். கைக்கடிகாரத்திலும் பைகளிலும் மட்டும் அந்தப் பெயர் மிஞ்சியது. சில மாதிரிகளை டெலமோன் தொகுதி என்ற பெயரில், விக்டோரினொக்ஸ் முத்திரையோடு செய்தார்கள். 120 வருடம் கத்தி செய்த பெயர் கத்தியிலிருந்து போய், பை ஜிப்பில் போய் உட்கார்ந்தது. அந்தக் காலத்து வெங்கர் கத்திகள் இனிக் கூடப் போவதில்லை. ஒவ்வொன்றும் கிணற்றுக்குள்ளும் இரும்புக் குவியலுக்குள்ளும் போகப் போகக் குறையும். அதைப் பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் நிறுத்துக் கொடுப்பது கெட்டித்தனமா?

இதைச் சொன்னதும் "அப்ப நல்ல விலை போகுமா சேர்?" என்று கேட்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது என்பதும் தெரியும். விலைக்காக இதை எழுதவில்லை. பிடி தேய்ந்து, அலகு ஒடுங்கிப் போன கத்திக்குச் சேகரிப்பவர்கள் பெரிதாக ஒன்றும் தரமாட்டார்கள். ஆனால் அந்தத் தேய்வு யாருடைய கை தேய்த்தது? அதற்கு விலை கேட்கிறவரிடம் எங்களுக்குப் பேச ஒன்றுமில்லை.

ஏன் நிறுத்தினார்கள்? இந்தப் பதிவு எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே இந்தக் கேள்விதான்.

2001 செப்டெம்பர் 11. அமெரிக்காவில் விமானத் தாக்குதல்கள். அதன் பிறகு விமானத்துக்குள் கையோடு கத்தி கொண்டு போக விடவில்லை, சட்டைப் பைக்குள் போகிற சின்னக் கத்தியைக்கூட. விமான நிலையக் கடைகளில் வரிசையாகத் தொங்கிய சிவப்புக் கத்திகள் ஒரே அடியாக இறங்கின. பயணிகள் வாங்கிப் பரிசு கொடுக்கிற பொருள் அது. அந்த வியாபாரம் விழுந்தது. இரண்டு கம்பனிகளும் அடிபட்டன. பெரியது தாக்குப் பிடித்தது, சிறியது தள்ளாடியது. 2005 இல் வெங்கரை விக்டோரினொக்ஸ் வாங்கியது. எட்டு வருடம் இரண்டு பெயரிலும் செய்து பார்த்தார்கள். பிறகு ஒரு பெயர் போனது. நடுவில் 87 கருவிகளும் 141 வேலைகளும் உள்ள ஒரு ராட்சதக் கத்தியையும் வெங்கர் செய்தது. உலக சாதனைப் புத்தகத்தில் வந்தது. தூக்கவே இரண்டு கை வேண்டும். எங்களுக்கு அது பிடிக்காது. மூழ்குகிறவன் கையைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி இருக்கிறது.

இந்தக் கத்தி வேறு யாரையும் கொன்றதால் நின்று போகவில்லை. உலகத்துக்கு வந்த ஒரு பெரிய பயம் சின்னக் கத்தியையும் பெரிய ஆயுதத்தையும் ஒரே பட்டியலில் போட்டது, அதில் அது அடிபட்டது. விமானத்துக்குள் அந்த விதி சரியானதாகவே இருக்கட்டும், நாங்கள் அதோடு சண்டை பிடிக்கவில்லை. ஆனால் அதே கத்தி பதினெட்டு வருடத்துக்குப் பிறகு ஓர் ஏப்ரலில், எங்கள் ஒழுங்கையில், இன்னொரு பயத்தால் ஷொப்பிங் பையில் சுற்றப்பட்டுக் கிணற்றுக்குள் போனது.

இப்போது அந்தப் பெரியவருக்கு. மரியாதையோடுதான் சொல்கிறோம், மாமா.

அந்த நாட்களின் பயம் பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் அத்தனை உயிர்களைக் கொன்றவர்கள் எங்கள் பெயரைச் சுமந்தவர்கள். அந்த வெட்கத்தையும் வேதனையையும் இன்றைக்கும் சுமக்கிறோம். அதற்குப் பிறகு வீடு வீடாகத் தேடுதல். இரவில் தொலைக்காட்சியில் மேசை மேல் வரிசையாகக் கத்திகள். மே 13 அன்று மினுவாங்கொடையிலும் குருநாகல் பக்கத்திலும் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அந்த நேரத்தில் எந்தக் கத்தி எதற்கானது என்று நின்று விளக்குகிற தைரியம் யாருக்கு இருந்தது? தூங்குகிற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, குசினிக்குள் போய், கூரான எல்லாவற்றையும் அள்ளிக் கட்டினவரைப் பார்த்து நாங்கள் சிரிக்க மாட்டோம்.

ஆனால் ஒன்று. மே மாத ஆரம்பத்தில் பொலிஸ் கேட்டது வாள்களையும் பெரிய கத்திகளையும். அன்றாட வேலைக்குப் பாவிக்கிற கத்திகளை ஒப்படைக்கத் தேவையில்லை என்று அதே அறிவித்தலில் இருந்தது. அந்தப் பாதியை நாம் கேட்கவில்லை. "கத்தி" என்ற ஒரு சொல் மட்டும் ஊர் முழுக்க ஓடியது. பள்ளிவாசல் திண்ணையில் ஒருவர் சொன்னதை மற்றவர் கூட்டிச் சொன்னார். பாக்குவெட்டியும் போகத்தான் வேண்டும் என்று ஒரு மூத்தம்மாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாசிக்கத் தெரிந்த நாங்கள், ஆசிரியர்கள், ஒரு தாளில் அந்த அறிவித்தலை முழுதாக எழுதி ஒழுங்கை மதிலில் ஒட்டியிருக்கலாம். செய்யவில்லை. ஏன் என்றால் நாங்களும் அந்த இரவு பொதி கட்டிக்கொண்டிருந்தோம்.

ஆம். எங்கள் வீட்டிலும் போட்டோம். எங்கள் வாப்பா தறிக்காரர். இழை அறுக்க ஒரு சின்னப் பேனாக்கத்தி வைத்திருந்தார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த ரொஜர்ஸ் கத்தி. அலகின் அடியில் ஒரு நட்சத்திரமும் பக்கத்தில் ஒரு மோல்ட்டா சிலுவையும். தீட்டித் தீட்டி அலகு அரைவாசியாகிப் போனது. அந்த அரைவாசி அலகால் எங்கள் பென்சிலைச் சீவித் தருவார். பாடசாலைக்குப் போகும் முன் தினமும். பென்சில் முனையை நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையில் தருவார். வாப்பா மௌத்தாகி அந்தக் கத்திதான் எங்களிடம் மிஞ்சியது. அதைப் பழைய சொக்ஸ் ஒன்றுக்குள் போட்டு, சுபஹுக்கு முன் கடற்கரைக்குக் கொண்டு போய் எறிந்தோம். கடலில் இறைக்க முடியாது.

ஆகவே "திரும்பப் போட்டு மூடுங்க" என்று நீங்கள் சொன்னதும் எங்களுக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று இப்போது விளங்கும். ஒரு தடவை நடுராத்திரியில் பயத்தில் செய்தோம், அதற்கு மன்னிப்பு உண்டு. நல்ல வெயிலில், இத்தனை பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டாவது தடவையும் நாமே செய்தால் அந்தப் பிள்ளைகள் என்ன படிப்பார்கள்? வாப்பாமார் வேலை செய்த கருவியும் குற்றச் சாமானும் ஒன்று என்று. மற்றவர்கள் நம்மைப் பற்றிச் சொல்லி நாம் மறுக்கிற கதையை நாமே நம் கையால் எழுதிக் கொடுப்பதாக ஆகாதா?

இதற்கு வழமையாக வருகிற இன்னொரு பதிலும் தெரியும். "அதில வைன் போத்தல் திறக்கிற சுருள் இருக்கு சேர், அது ஹறாமான சாமான்." வாஸ்தவம், சுருள் இருக்கிறது. பதினான்கு வருடம் ஹாஜியார் அந்தச் சுருளால் செய்த வேலை என்ன தெரியுமா? லொறியில் சாமான் மூடிக் கட்டிய கயிற்றின் இறுகிய முடிச்சுகளை அவிழ்த்தது. நனைந்து இறுகிய முடிச்சுக்குள் சுருளை நுழைத்துத் திருகினால் நகம் உடையாமல் முடிச்சு இளகும். சாக்குத் தைக்கக் குத்தூசி, முள் எடுக்கச் சாமணம், வெங்காயத்துக்குப் பெரிய அலகு. ரியாத்தில் பத்ஹாக் கடைத்தெருவில் முதல் சம்பளத்தில் வாங்கியதாம். அறையில் எட்டுப் பேருக்கும் அந்த ஒரு கத்தி. ஊருக்கு அனுப்பும் கார்கோப் பெட்டியை டேப் ஒட்டி மூடியதும் அதால், லீவில் வந்து உம்மாவுக்கு முன்னால் அதே பெட்டியை வெட்டித் திறந்ததும் அதால். இதையெல்லாம் அவர் கிணற்றடியில் சொல்லவில்லை. அன்று மஃரிபுக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, கதிரையில் பாதி உட்கார்ந்துகொண்டு, "சேர், அந்தக் கத்தி என்ட" என்று தொடங்கி, எங்கள் வீட்டம்மா கொடுத்த பிளேன்ரீ ஆறும் வரைக்கும் சொன்னார்.

கல்வித் திணைக்களத்தில் இருந்து யாராவது இதை வாசித்தால், பிள்ளைகளைக் கத்தியோடு பாடசாலைக்கு வரச் சொல்கிறோம் என்று எடுத்துவிட வேண்டாம். வந்தால் முதலில் பறிக்கிறவர்கள் நாங்கள்தான். பஸ்ஸில், கூட்டத்தில், ஊர்வலத்தில் சட்டைப் பையில் கத்தி வைத்துத் திரிய எந்தத் தேவையும் இல்லை, விமானத்தில் பயணப் பெட்டிக்குள் மட்டும்தான். கத்தியின் இடம் வீடு, வளவு, தோணி, தறி. ஆனால் வீட்டுக்குள்ளாவது பிள்ளைக்குப் பழக்குங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மாங்காய் வெட்டத் தெரியவில்லை, பென்சில் சீவப் பாதி பிளேட்டை உடைத்துக் கையில் பிடிக்கிறது. அதைவிட ஆபத்து என்ன? வெட்டும்போது அலகு உடம்பை விட்டு வெளியே போக வேண்டும், மூடும்போது விரல் பாதையில் இருக்கக் கூடாது, இன்னொருவருக்குக் கொடுக்கும்போது மூடிக் கொடுக்க வேண்டும். உருவிய வாளைக் கைமாற்றுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் என்று ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். இந்த ஒழுங்கை உம்மா வாப்பாவிடமிருந்து படிக்காத பிள்ளை கைப்பேசியிலிருந்து வேறு எதையோ படிக்கும்.

பழைய கத்தி வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தை. இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு, அலகுகளைத் தண்ணீருக்குள்ளேயே திறந்து மூடிக் கழுவுங்கள். நன்றாகக் காய விடுங்கள். மூட்டுகளில் ஒரு துளி தையல் மெசின் எண்ணெய், மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும், சாப்பாட்டில் படக்கூடாது. தேங்காய் எண்ணெய் வேண்டாம். முதல் நாள் நன்றாக இருக்கும், ஆறு மாதத்தில் பிசின் மாதிரி இறுகும். முக்கியமாக, சுழல்கிற சாணைச் சில்லில் கொடுக்காதீர்கள். பொறி பறக்கும், பார்க்க அழகு, ஆனால் சூட்டில் உருக்கின் பதம் கெட்டு, அலகும் பாதியாகும். வீட்டில் தட்டையான தீட்டுக்கல்லில், அலகைக் கொஞ்சமாகச் சரித்து, மெதுவாக. இந்த உருக்கு அவ்வளவு கடினமில்லை, சீக்கிரம் கூர் வரும். சீக்கிரம் போகவும் செய்யும், திரும்பத் தீட்ட வேண்டியதுதான்.

அந்த பாக்குவெட்டியின் சொந்தக்காரி இப்போது இல்லை. மகளிடம் கொடுத்திருக்கிறோம். இறைச்சிக் கத்தி இரண்டையும் கொல்லனிடம் கொடுத்துப் பிடி போடுகிறார்கள். வெட்டுக்கத்தியை யாரும் இன்னும் எங்களுடையது என்று சொல்லவில்லை. எங்கள் விறாந்தையில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளலாம், யார் என்று கேட்க மாட்டோம். இந்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு கல்லும் எண்ணெயும் விறாந்தையில் இருக்கும். வீட்டில் பழைய வில்லுக்கத்தி, பேனாக்கத்தி வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். என்ன கத்தி என்று சேர்ந்து பார்ப்போம். டியூஷன் தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஸ்கேலோடு.

ஹாஜியாரின் கத்தி மூன்று நாளாக எண்ணெயில் ஊறுகிறது. பெரிய அலகு திறந்துவிட்டது, கறுப்புப் புள்ளிகள் இருந்தாலும் கூர் வருகிறது. சுருளும் குத்தூசியும் சரி. கொக்கி அலகால் நேற்று ஒரு டின் மீன் திறந்து பார்த்தார். கத்தரிக்கோல் மட்டும் இன்னும் அசையவில்லை. உள்ளே சேறு இறுகியிருக்கிறது. பலவந்தம் பண்ணினால் நெம்புகோல் முறியும். அதனால் காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு துளி விட்டுக்கொண்டிருக்கிறோம்.